சின்ன மாப்பிள்ளை எழுதிய விதி

என் மனைவியின் அக்காள் கணவர், அதாவது என் சகலை, என்னைவிட இரண்டு வயது இளையவர். எனினும் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வீட்டில் அவர் பெரிய மாப்பிள்ளை; நான் சின்ன மாப்பிள்ளை. மூத்த பெண்ணை மணந்தவர் பெரியவர், இளைய பெண்ணை மணந்தவர் சின்னவர் என்பது அவர்கள் வழக்கம். அறுபத்தெட்டு வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவனைச் 'சின்ன மாப்ள' என்று அழைத்தால் அவனுக்கு எப்படி இருக்கும் என்பதை, அவ்வாறு அழைக்கப்பட்டவரே அறிவர்.

சதுரங்கப்பட்டினத்தில் நடக்கும் விருந்துகளில் முதல் இலை அவருக்கு விழும். வஞ்சிர மீனின் நடுத்துண்டு அவர் இலைக்குப் போகும்; அதற்கு அடுத்த துண்டு எனக்கு. அடுத்த துண்டும் நல்ல துண்டே, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் நடுத்துண்டு எங்கே போகிறது என்பதை என் கண் ஒவ்வொரு முறையும் தொடர்ந்து சென்று பார்த்துவிட்டுத்தான் திரும்பும்.

அவர் படகு என்ஜின்களைப் பழுது பார்ப்பவர். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். நான் பத்தாம் வகுப்பு தேறி, அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் வரைவாளனாக முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்தவன். நான் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் நாற்காலி போடுவார்கள். அவர் நுழைந்தால் சிரிப்பார்கள். நாற்காலியா சிரிப்பா என்று என்னைக் கேட்டிருந்தால் நான் சிரிப்பைத்தான் கேட்டிருப்பேன்; யாரும் கேட்கவில்லை.

அவரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அதைக் குறியீட்டு நிரலாக்கம் என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் அதைக் கொண்டு நீண்ட சமன்பாடுகளைச் சுருக்குவார்கள். பழைய பொருள்களைக் கழித்துக் கட்டிய ஒரு நாளில், அதன் தடித்த கையேடு ஒன்று குப்பையோடு கிடந்தது. மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அனுமதி பெற்று அதை வீட்டுக்கு எடுத்து வந்தேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குச் செல்லும் அலுவலகப் பேருந்தில், போக ஒரு மணி, வர ஒரு மணி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஆங்கில நூலைப் பதினோரு மாதங்கள் படித்தேன். எனக்கு எவரும் கற்பிக்கவில்லை.

அதன் அடிப்படை எளியது. மற்ற நிரல்களில் இதைச் செய், பிறகு அதைச் செய் என்று படிப்படியாகக் கட்டளை இடுவோம். இதில் விதிகளை மட்டும் எழுதி வைக்கிறோம். 'இப்படிப்பட்ட ஒரு வடிவம் உன் கண்ணில் பட்டால் அதை இப்படி மாற்று' என்பது ஒரு விதி. இயந்திரம் அந்த வடிவத்தைத் தேடிப் பிடித்து மாற்றும். மாற்றியதை மீண்டும் பார்க்கும். ஏதேனும் ஒரு விதி பொருந்தினால் மீண்டும் மாற்றும். எந்த விதியும் பொருந்தாத நிலை வந்தால் மட்டுமே நின்று விடை தரும். ஆகவே, விதி எழுதுகிறவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, இது எங்கே நிற்கும் என்பதுதான். நிற்கும் இடம் ஒன்றை அமைக்காமல் விதி எழுதினால் இயந்திரம் முடிவின்றிச் சுழலும்.

சென்ற ஆண்டு என் மைத்துனர், என் மனைவியின் தம்பி, எங்கள் வீட்டுக்கு வந்தார். சதுரங்கப்பட்டினத்தில் வலையும் கயிறும் விற்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய ஒரே மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது. காப்பியைக் கையில் வாங்கியதும் விஷயத்துக்கு வந்தார்.

"மாமா, இந்த தபா பத்திரிகைல பேரு போட்ற வேலைய நீங்கதான் பாக்கணும்."

"ஏன், உங்க பெரிய மாமா இருக்காரே?" என்று கேட்டேன்.

"அவுரு ஞாபகத்துலயே சொல்லிகினு போவாரு, நாங்க எழுதிகினு போவோம். அண்ணன் மவன் கல்யாணத்துல இன்னா ஆச்சி? பெரியப்பா பேரு சித்தப்பா பேருக்குக் கீழ வந்துட்ச்சி. மனுசன் மண்டபம் வரைக்கும் வந்தாரு, யாரோ பத்திரிகைய காட்டினாங்க, அப்டியே திரும்பிப் போய்ட்டாரு. இன்னி வரைக்கும் பேச்சு கெடையாது. எனக்கு இருக்கிறது ஒரு பொண்ணு மாமா. இதுலயும் ஒருத்தரு மூஞ்ச தூக்கிகினு போனாங்கன்னா நான் தாங்க மாட்டேன். கம்ப்யூட்டர்ல போட்டுட்டா யாரும் ஒண்ணும் பேச முடியாதில்ல?"

சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள். "ரேசன் கார்டுல என் பேர ஆம்பள பேரா போட்டதும் கம்ப்யூட்டர்தாண்டா."

"அக்கா, நீ சும்மா இரு. மாமா போட்ற கம்ப்யூட்டர் வேற" என்றார் மைத்துனர். அந்த ஒரு வாக்கியத்துக்காக அன்று அவருக்கு இன்னொரு காப்பி தரச் சொன்னேன்.

அவர் ஒழுங்குமுறையை விளக்கினார். பத்திரிகையின் உள்பக்கத்தில் உறவினர் பெயர்கள் வர வேண்டும். முதலில் பங்காளிகள், வயது வரிசைப்படி. அடுத்து மாமன் மச்சான்கள், அவர்களும் வயதுப்படி. கடைசியில் மாப்பிள்ளைகள்.

"மாப்ளைங்களுக்கு வயசு பாக்கறதில்ல மாமா. பொண்ணு மூத்தவளா எளையவளா, அதான் கணக்கு."

"தெரியும்" என்றேன். உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

"சனிக்கெழம பன்னண்டு மணிக்குள்ள இங்க செங்கல்பட்டு பிரஸ்ல குடுத்தாவணும். அவன் அதுக்கப்பறம் பத்து நாளு வேற வேலை எடுத்துட்டான். ஞாயித்துக்கெழம பத்திரிகை கைக்கு வந்தாத்தான் திங்கக்கெழம நல்ல நேரத்துல மொத பத்திரிகை வெக்க முடியும். உங்களால முடியலன்னா சொல்லிடுங்க மாமா, வெக்கப்படாதீங்க. பெரிய மாமாவயே சொல்ல சொல்லி எழுதிக்கிறோம்."

கடைசியாகச் சொன்ன அந்தச் சொல் மீன்முள் போல என் தொண்டையில் நின்றது. சனிக்கிழமை நண்பகலுக்குள் பட்டியல் என் கையிலிருந்து அச்சகத்துக்குப் போக வேண்டும். இல்லையேல் அது மீண்டும் சகலையின் வாய்க்குப் போய்விடும். அதைத் தவிர அந்த வாரம் முழுவதும் நான் வேறொன்றையும் நினைக்கவில்லை.

என் மகன் புதியது வாங்கியபோது விட்டுச் சென்ற மடிக்கணினியை எடுத்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஏறத்தாழ அறுபது வீடுகள். எவரையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காக ஒரு விதி எழுதினேன்: ஒரு வீட்டின் பெயர் வந்தால், அந்த வீட்டோடு அவர்கள் பெண் கொடுத்த வீட்டையும் சேர்த்துக்கொள். விதியை ஓட்டிய உடனே பட்டியல் திரை கொள்ளாமல் வளர்ந்தது. காரணம் எனக்கு உடனே விளங்கிற்று. சேர்த்த பிறகும் பழைய வீடு வீடாகவே இருக்கிறது. இயந்திரம் அதைப் புதிதாகக் கண்டதுபோல் மீண்டும் பிடித்துக்கொண்டு, பெண் கொடுத்த வீட்டை மறுபடியும் சேர்க்கிறது. மாற்றத்தின் விளைவிலேயே மாற்றத்துக்குரிய வடிவம் மிஞ்சியிருந்தால் விதி தன்னைத் தானே அழைத்துக்கொண்டே இருக்கும்.

பத்திரிகை வைக்கச் செல்கிறவர்கள் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். அதையே கருவியாக்கிக்கொண்டேன். ஒரு வீட்டைப் பார்த்து முடித்ததும் அதை 'வீடு' என்று எழுதாமல் 'மஞ்சள் வைத்த வீடு' என்று எழுதச் சொன்னேன். விதி, மஞ்சள் வைக்காத வீடுகளை மட்டுமே தேடும். ஒவ்வொரு முறை விதி பொருந்தும்போதும் உறவு முழுவதிலும் மஞ்சள் வைக்காத வீடு ஒன்று குறையும். குறைந்துகொண்டே போவது ஒரு நாள் தீரும். தீர்ந்ததும் இயந்திரம் நிற்கும். அவ்வாறே நின்றது. கடப்பாக்கத்தில் பெண் கொடுத்த ஒரு வீட்டை எல்லாரும் மறந்திருந்தனர்; இயந்திரம் மறக்கவில்லை. அன்று மாலை என் மனைவியிடம் அதைச் சொன்னேன்.

"அந்த வூட்ட மாமா மறக்க மாட்டாரு" என்றாள் அவள். மாமா என்பது சகலை.

"போன கல்யாணத்தில் மறந்திருக்கிறார்."

"மறக்கல. அவங்க அப்போ துக்கத்துல இருந்தாங்க, அத்தொட்டு கூப்பிடல."

நான் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்து, வரிசை. இதற்கும் விதி எளியது: அடுத்தடுத்து நிற்கும் இருவரில், பின்னால் நிற்பவர் முன்னால் நிற்க வேண்டியவராயின், இருவரையும் இடம் மாற்று. அந்தக் கடைசி நிபந்தனை முக்கியம். வெறுமனே 'இருவரையும் இடம் மாற்று' என்று எழுதிவிட்டால், மாற்றிய இருவரும் மறுபடி இருவராகவே நிற்பார்கள், மீண்டும் மாறுவார்கள், ஓயாது. பேருந்தில் படித்த நாள்களில் அந்தப் பிழையைச் செய்து கற்றவன் நான். எனவே நிபந்தனைகளைக் கவனமாக அமைத்தேன். ஒரே பிரிவுக்குள் வயதில் மூத்தவர் முன்னால் என்பது முதல் வரிசை விதி. மாப்பிள்ளைகளில் மூத்த பெண்ணின் கணவர் முன்னால் என்பது இரண்டாவது.

முதல் விதியைப் பங்காளிகளுக்கும் மாமன் மச்சான்களுக்கும் மட்டும் என்றுதான் எழுதியிருக்க வேண்டும். மைத்துனர் அப்படித்தான் சொன்னார். நான் மூன்று பிரிவுகளுக்கும் பொதுவாக எழுதினேன். நிபந்தனை குறைந்த விதி அழகானது, கையேடே அவ்வாறு சொல்கிறது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு அந்தக் காரணத்தை நான் நம்பவும் செய்தேன்.

வியாழக்கிழமைக்குள் எல்லா வீடுகளும் வரிசையில் நின்றன. திருப்பிப் போட்டும் கலைத்துப் போட்டும் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் ஒரே வரிசை வந்தது. பெரியப்பா சித்தப்பாவுக்கு மேலே நின்றார். என் மனைவி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து திரையைப் பார்த்தாள்.

"எங்க வூட்டு ஜனம் பூரா கீது. உங்க பேரு எங்க?"

"பட்டியல் எழுதுகிறவன் தன் பேரைக் கடைசியில்தான் சேர்க்கணும். அதுதானே உங்க வீட்டு வழக்கம்?"

"வழக்கமெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சுகினு கீறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், என் பெயரைச் சேர்த்து ஓட்டினேன். இயந்திரம் நிற்கவில்லை. சற்று நேரத்தில், மாற்றங்களின் எண்ணிக்கை வரம்பைக் கடந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வந்தது. முடிவின்றிச் சுழலும் விதிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, இத்தனை முறைக்கு மேல் மாற்ற மாட்டேன் என்று இயந்திரம் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் வேலி அது. பட்டியல் பெரியது, வேலி சிறியது என்று தீர்மானித்து வேலியைத் தள்ளிப் போட்டேன். மீண்டும் அதே அறிவிப்பு. இன்னும் தள்ளினேன். கடைசியில் வேலியே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அதன் பிறகு அறிவிப்பு வரவில்லை, விடையும் வரவில்லை. மடிக்கணினியின் விசிறி இரைந்தது. அடிப்பாகம் தோசைக்கல் போல் கொதித்தது. அணைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

மஞ்சள் விதியில்தான் பிழை என்று எண்ணி மாலை வரை அதையே பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஆச்சா மாமா?"

"ஆகிக்கொண்டிருக்கிறது."

"நாளைக்கு பன்னண்டு மணி."

"தெரியும்."

பேசி முடித்துத் திரும்பினால் என் மனைவி தன் அக்காளோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாக்கா. ஓடிகினே கீது, நிக்க மாட்டுது. மாமாவ காலைல ஒரு தபா வர சொல்லேன்."

எனக்கு வந்த கோபத்தை முறையாக எழுத என்னிடம் சொல் இல்லை. "யாரைக் கேட்டு அவரைக் கூப்பிட்டாய்? இது என்ன படகு என்ஜினா?"

"எதுவா இருந்தா இன்னா. ஓட்றது நிக்கலன்னா அவருக்குத்தான் தெரியும்" என்றாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, திருக்கழுக்குன்றம் வழியாகத் தன் வண்டியில் வந்து இறங்கினார் சகலை. ஒரு கையில் இட்லிப் பொட்டலம், மறு கையில் பனிக்கட்டியோடு ஒரு பை சங்கரா மீன். வாசலிலேயே அவர் குரல் கேட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே வந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்த அம்மாளுக்குப் பக்கத்து வீட்டில் நான் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன்.

"இன்னா சகல, மிசினு மெர்சலாயிட்ச்சாமே? மொதல்ல நாஸ்தா துண்ணு. வவுறு காஞ்சா மூள ஓடாது."

"நேரமில்லை" என்றேன்.

அவர் நாற்காலியில் உட்காராமல், எனக்குப் பக்கத்தில் தரையில் குந்திக்கொண்டு திரையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். வேலியைத் தள்ளிப் போட்டதையும் எடுத்துவிட்டதையும் சொன்னபோது தலையை ஆட்டினார்.

"டீசல் என்ஜின்ல இந்த மாரி ஒண்ணு கீது சகல. சில தபா அது தன் ஆயிலையே குடிச்சுகினு ஓட ஆரம்பிச்சிடும். டீசல் குழாய மூடுனாலும் நிக்காது. வேகம் ஏறிகினே போவும். அப்போ போய் யாராவது இன்னும் நல்லா ஓட்றா கண்ணுன்னு முறுக்குவானா? நீ அதான் பண்ணிக்கீற."

"சரி, அப்போது நீங்கள் என்ன செய்வீர்கள்?"

"காத்து இழுக்கிற வாய்ல ஈர சாக்க திணிச்சி அடைப்போம். நின்னதும், ஆயிலு எந்த வழியா உள்ள போச்சின்னு பாப்போம். நீ வழிய பாத்தியா?"

"எந்த வழி?"

"ஒவ்வொரு தபாவும் அது இன்னாத்த மாத்துதுன்னு வெளிய காட்ட சொல்லு. சொல்ல முடியாதா?"

சொல்ல முடியும். கையேட்டில் அதற்கு ஓர் அத்தியாயமே இருந்தது. ஒவ்வொரு மாற்றத்தையும் நடக்கும்போதே எழுதிக் காட்டச் செய்யலாம். பதினோரு மாதங்கள் அகராதியோடு நான் படித்ததை, அந்தப் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பார்த்திராத மனிதர் குந்தியிருந்தபடியே கேட்டுவிட்டார். நான் ஏன் முந்தைய நாள் பிற்பகலிலேயே அதைச் செய்யவில்லை? செய்திருந்தால் அவர் வந்திருக்கவே மாட்டார் அல்லவா? அந்த நேரத்தில் எனக்குத் திருமணமோ அச்சகமோ நினைவில் இல்லை. இந்தக் கேள்வி இவருக்கு எப்படித் தோன்றிற்று என்ற எரிச்சல் மட்டுமே இருந்தது.

வேலியை மறுபடி சிறியதாக வைத்து, மாற்றங்களைக் காட்டச் சொல்லி ஓட்டினேன். முதலில் பெயர்கள் பலவாறாக நகர்ந்தன. பிறகு நகர்வுகள் குறைந்தன. பிறகு இரண்டே பெயர்கள் மாறி மாறி வரத் தொடங்கின. சகலை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"நீ மேல, நான் கீழ. நான் மேல, நீ கீழ. நீ மேல... அய்ய, இது நம்ம ரெண்டு பேரு!" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "சகல, நம்மள சீசா பலகைல குந்த வெச்சிட்டியே! ஏ மச்சினிச்சி, இங்க வந்து பாரு, உன் வூட்டுக்காரரும் நானும் பார்க்குல ஆட்றோம்!"

நான் சிரிக்கவில்லை. பிழை எங்கே என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. வயது விதி என்னை மேலே ஏற்றுகிறது. பெண் விதி அவரை மேலே ஏற்றுகிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டு விதிகளிலும் குற்றமில்லை. நிபந்தனை உண்டு, நிற்கும் இடமும் உண்டு. ஆனால் ஒன்று முடிக்கும் இடத்தில் மற்றொன்று தொடங்குகிறது. மற்ற வீடுகளில் மூத்த பெண்ணின் கணவர் வயதிலும் மூத்தவர். ஆகவே அங்கெல்லாம் இரு விதிகளும் ஒரே சொல்லைச் சொல்லின. அந்த அறுபது வீடுகளில் இரண்டும் முரண்படும் ஒரே இணை நானும் அவரும்தான். வழக்கத்தை மதித்து என் பெயரைக் கடைசிவரை சேர்க்காமல் விட்டதால், நான் செய்த சோதனைகளில் ஒன்றுகூட அந்த இணையைக் காணவில்லை.

நான் இதை அவருக்கு விளக்கினேன். அவர் சிரிப்பை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ளைங்களுக்கு வயசயும் பாருன்னு மச்சான் சொன்னானா?" என்று கேட்டார்.

"சொல்லவில்லை" என்றேன்.

"அப்போ நீயா சேத்த."

"ஆமாம்."

அவர் இப்போது கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். செய்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். நான் வைத்திருந்த பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைத்திருக்கும். அவரோ கையைத் தரையில் ஊன்றி எழுந்து நின்றார்.

"சரி வுடு. அந்த பொண்ணு ரூல தூக்கிப் போடு. வயசுல நீதான பெரியவன், உன் பேரே மேல வரட்டும். எனக்கு இன்னா? பேரு எங்க கெடந்தாலும் பிரியாணி ஒண்ணுதான்."

நாற்பது ஆண்டுகளாக நான் வேண்டியதை அவர் இட்லிப் பொட்டலத்தைப் போல எடுத்து நீட்டினார். அவரால் நீட்ட முடிந்தது. ஏனெனில் அதன் மீது அவருக்கு ஒருபோதும் ஆசை இருந்ததில்லை. அந்த இடத்துக்காக நான் விருந்துதோறும் மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தபோது, அவர் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பதையே அறியாமல் உண்டுகொண்டிருந்திருக்கிறார். அவர் மீது நான் கொண்ட பொறாமைகளில் இதுவே ஆகக் கொடியது. இருப்பினும் என் விரல் அந்த இரண்டாவது விதியின் மேல் போய் நின்றது. ஒரே ஒரு வரி. அதை அழித்தால் பட்டியல் நின்றுவிடும். ஊர் முழுவதும் போகும் பத்திரிகையில் என் பெயர் அவர் பெயருக்கு மேல் அச்சாகியிருக்கும். மணி ஒன்பதரை.

"அந்த எடத்த குடுக்கறதுக்கு நீங்க யாரு மாமா?"

என் மனைவி கதவருகே நின்றிருந்தாள். கேள்வி சகலையை நோக்கியது. ஆனால் அவள் பார்த்தது என் விரலை.

"இன்னா மச்சினிச்சி, கோச்சுக்கிற?"

"அது உங்க எடமும் இல்ல, இவரு எடமும் இல்ல. எங்க அக்கா எடம். எங்க அம்மா போனப்போ தம்பிக்கு ஏழு வயசு. அவனுக்கு சோறு ஊட்டி இஸ்கூலுக்கு அனுப்பினவ அக்கா. அவ வூட்டுப் பேரு என் வூட்டுப் பேருக்குக் கீழ அச்சாவுட்டும். அந்தப் பெரியப்பாவாவது மண்டபம் வரைக்கும் வந்துட்டுப் போனாரு. நான் வூட்ட வுட்டே கெளம்ப மாட்டேன்."

சகலை தலையைச் சொறிந்துகொண்டார். "கேட்டுகினியா சகல? நம்ம ரெண்டு பேருக்கும் அங்க எடமே இல்லியாம்."

என் விரலை எடுத்துக்கொண்டேன். அந்த வரிசையில் 'பெரிய மாப்பிள்ளை' என்று நான் படித்து வந்ததெல்லாம் ஒரு பெண்ணின் பெயர் என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. என் மனைவியின் அக்காள், விருந்துகளில் கரண்டியோடு இலைகளுக்குக் குறுக்கே நடந்துகொண்டிருப்பார். நடுத்துண்டைத் தேடிய என் கண் அவரைப் பார்த்ததில்லை. எனினும், இதை உணர்ந்த மாத்திரத்தில் என் உள்ளம் தெளிந்துவிட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். அந்தக் காலை வேளையில் எனக்குத் தெளிந்தது ஒரு நிபந்தனை மட்டுமே.

வயது விதியைத் திறந்து அதன் இறுதியில் சேர்த்தேன்: இருவரும் மாப்பிள்ளைகள் அல்லாதவராயின். கையேடு அழகு என்று சொன்னதைவிட அது நீளமான விதி. ஓட்டினேன். கண் இமைக்கும் முன் நின்றது. கடைசிப் பக்கத்தில் மாப்பிள்ளைகள் வரிசை: அவர் பெயர், அதற்குக் கீழே என் பெயர். எந்த விதியும் பொருந்தவில்லை, மாற்றுவதற்கு ஒன்றுமில்லை.

"நின்ட்ச்சி பாரு" என்றார் சகலை, தாமே நிறுத்தியதுபோன்ற மகிழ்ச்சியோடு. உண்மையில் அவர்தான் நிறுத்தினார். அதை நான் அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பட்டியலைச் சேமித்துக்கொண்டு, அவர் வண்டியின் பின்னால் அமர்ந்து, கொளவாய் ஏரிப் பக்கமிருந்து கடைத்தெருவுக்குப் போனேன். பத்தேமுக்காலுக்கு அச்சகத்தில் இருந்தோம். மைத்துனர் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. வழக்கம்போல முதலில் சகலையை நோக்கி.

"பெரிய மாமா, நீங்களும் வந்தீங்களா? நல்ல வேளை."

"நான் எதுக்கு வந்தேன், இட்லி வாங்கினு வந்தேன்" என்றார் சகலை. பிறகு அச்சகக்காரரைப் பார்த்து, கடை முழுவதும் கேட்கும்படிச் சொன்னார். "இது பூரா எங்க சகல போட்ட ரூலு. அறுவது வூடு, ஒரு வூடு உடல. நீ எழுத்த மாத்தாம அப்டியே போடு, இன்னா?"

மைத்துனர் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். பெரியப்பாவின் பெயரில் விரல் நின்றது, பெருமூச்சு விட்டார். அக்காள்கள் இருவர் வீட்டுப் பெயர்களும் வரிசையாக இருப்பதைக் கண்டதும், "சரியா கீது மாமா, ரொம்ப சரியா கீது" என்றார். அந்த நிமிடத்துக்காகத்தான் நான் அந்த வாரம் முழுவதும் உழைத்தேன். அது கிடைத்தது. ஆனால் அதே நிமிடத்தில், சகலை சற்று முன் சொன்ன அந்தப் பேச்சை நான் அவருக்காக ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டேன் என்பது நினைவுக்கு வந்து, கிடைத்ததன் சுவையைக் கெடுத்தது. அவருடைய முதல் இலையை விட்டுக்கொடுக்க நான் கற்றுக்கொண்டாலும் கற்றுக்கொள்ளலாம். அந்தப் பெருந்தன்மையை எங்கே போய்க் கற்பது? அதற்குக் கையேடு எதுவும் குப்பையில் கிடக்கவில்லை.

அச்சகக்காரர் பதினொன்றரை மணிக்கு மாதிரித் தாளை எடுத்துக் கொடுத்து, பிழை பார்த்துக் கையெழுத்திடச் சொன்னார். மைத்துனருக்குக் கண் சரியில்லை. சகலைக்குப் படிப்பதில் பொறுமையில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அறுபது வீடுகளையும் ஒரு முறை பார்த்தேன். சகலையின் பெயரை மட்டும் இரண்டு முறை பார்த்தேன், அதில் ஒரே ஓர் எழுத்தாவது பிழையாக இருக்காதா என்று.

பிழை இல்லை. கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.